இருபது அங்குலக் கட்டில்

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் என் மனைவியின் முழங்கால் உயரத்தை டேப் வைத்து அளந்தாள். ஒரு துண்டுச் சீட்டில் இருபது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"வீட்டுல கட்டில் இந்த ஒசரம் இருக்கணும் சார். மெத்தை அமுங்கின பெறகு இருபது அங்குலம். மூணு மாசத்துக்கு இதுக்குக் கீழ எதுலயும் உக்காரவிடாதீங்க."

"உக்காந்தா?"

"இடுப்பு ரொம்ப மடங்கும். புதுசா வச்ச பந்து கழண்டுக்கும். மறுபடி ஆபரேஷன்தான்."

"அப்ப நல்லா ஒசரமாப் போட்டுர்றேன்."

"அதுவும் கூடாது. மேடம் குள்ளம். காலு தரையில பதியலைன்னா எறங்குறப்ப வழுக்கிருவாங்க."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டாள்.

என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இலுப்பூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கீழ்ப்படி தவறி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருச்சியில் ஆபரேஷன் செய்து, எலும்பின் தலைக்குப் பதிலாக உலோகப் பந்து வைத்தார்கள். சீட்டு என் கைக்கு வந்தது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான் ஆவூரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்சி எல்லாம் வரும். சுற்று குறைந்தால் மோட்டார் எரிந்துபோகும். அதனால் எண் என்றால் எனக்கு எண்தான், அதில் பேச்சே கிடையாது. மோட்டாரை இறக்கிவிட்டுப் போகிறவர்கள், "பாத்துச் செய்ங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதைப் பார்த்து? என்னத்தைச் செய்ய? வேண்டியதை வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பட்டறை டேப்பை எடுத்துக்கொண்டு எல்லாச் சாமானையும் அளந்தேன். ஹாலில் கிடக்கிற சோபா பதினைந்து அங்குலம். நான் உட்கார்ந்தால் பதினொன்றுக்கு இறங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி பதினேழு. உள்ளறையில் நாங்கள் படுக்கிற நாடாக் கட்டில் பதினாறு. நடுவில் தொங்கிப்போய்ப் பன்னிரண்டுதான் தேறியது. அவள் பள்ளிக்கூட நோட்டுத் திருத்துகிற ஸ்டூலைக்கூட விடவில்லை. அது இருபத்திரண்டு. அதற்குப் பிடிமானம் கிடையாது.

அந்த நாடாக் கட்டிலிலேயே உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில் அவள் உட்கார ஒரு இடம் இல்லை. ஏன் இல்லை? இந்த வீட்டுக்கு எதையும் நாங்கள் பார்த்து வாங்கியதில்லை. சோபா, எங்கள் மகன் துபாய்க்குப் போன புதிதில் போனிலேயே ஆர்டர் போட்டு அனுப்பியது. அது ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டது. பத்து வருடமாக அதைச் சுற்றித்தான் நடக்கிறோம். நாடாக் கட்டில் யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனது. நாற்காலிகள் ஏலச் சீட்டுக்காரன் தீபாவளிக்குக் கொடுத்தவை. வந்ததையெல்லாம் வாங்கி உள்ளே போட்டோம். அவ்வளவுதான். சட்டைக்கு அளவு பார்க்கிறோம், செருப்புக்கு அளவு பார்க்கிறோம். வருடக்கணக்கில் நாம் மேலே விழுந்து கிடக்கிற சாமானுக்கு யாரும் பார்ப்பதில்லை.

மகனிடம் போனில் சொன்னேன். "ஆஸ்பத்திரி பெட் வாடகைக்குக் கெடைக்குதுப்பா. சுவிட்சப் போட்டா ஏறும், எறங்கும். திருச்சியிலேர்ந்து அவனே கொண்டாந்து மாட்டிருவான்" என்றான். நல்ல யோசனைதான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"ஏன், நான் என்ன கெடையில விழுந்துட்டேனா?" என்றாள்.

"மூணு மாசத்துக்குத்தானம்மா."

"அந்த இரும்புக் கட்டிலு வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா ஊரே வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். பாவம் டீச்சர்னு சொல்லும். நான் இங்கிட்டே இருந்துக்கிறேன், போங்க."

பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் தங்கை, "மச்சான், அக்காவுக்குக் கடைசல் கால் வச்ச கட்டில்தான் வேணுமாம். ஆபரேஷன் மயக்கத்துல அதத்தான் பேசுச்சு" என்றாள்.

"நீ சும்மா இருடி" என்றாள் இவள். ஆனால் முகம் மாறியது. கல்யாணமான புதிதில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அங்கே கிடந்த தேக்குக் கட்டிலின் கடைந்த காலை இவள் கையால் தடவித் தடவிப் பார்த்தது எனக்கும் நினைவு வந்தது. அன்றைக்கு, "என்ன, காலைப் பிடிச்சுவிடுறியா?" என்று கிண்டல் செய்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

அங்கிருந்து நேராகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். முதலில் புதுக் கடைக்குள் நுழைந்தேன். குளிர்சாதனம் போட்ட பெரிய ஷோரூம். எந்தக் கட்டிலும் என் முழங்காலைத் தாண்டவில்லை. நான் குனிந்து டேப் வைக்க வைக்க, டை கட்டிய பையன் ஒருவன் பின்னாலேயே வந்தான்.

"அங்கிள், இப்ப லோ ஹைட்தான் எல்லாரும் கேக்குறாங்க."

"எல்லாரும் இடுப்பு ஒடைஞ்சவங்களாப்பா?"

ஒரு கட்டிலின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மேலே பளபளவென்று மரம் மாதிரி தாள். உள்ளே அழுத்திய மரத்தூள். ஒரு வாளித் தண்ணீர் கொட்டினால் அப்பம் மாதிரி உப்பிவிடும். படுக்கிறவளைத் துடைத்துவிட, கழுவிவிட வேண்டிய வீட்டுக்கு இது எப்படி ஆகும்? அடியில் டிராயர் வைத்திருந்ததால் கால் நுழைக்கவும் இடமில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கிறவள் கட்டிலுக்கு அடியில் குதிகாலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். அதை அங்கேயே உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பையன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

புதன்கிழமை காலையில் திருமயத்துக்கு இந்தப்பக்கம் ரோட்டோரத்தில் இருக்கிற பழைய சாமான் குடோனுக்குப் போனேன். பெரிய வீடுகளை இடிக்கும்போது வருகிற கதவு, தூண், பெட்டி, கட்டில் எல்லாம் மலையாகக் கிடந்தன. கடைக்கார பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கட்டிலைக் காட்டினார். தலைமாட்டில் மயில், கால்மாட்டில் கொடி.

"நூறு வருசத்துச் சாமாண்ணே. இப்பிடி ஒண்ணு இனி கெடைக்காது."

படுத்து அடியில் பார்த்தேன். சட்டத்தை இறுக்கியிருந்தது ஸ்டார் ஸ்க்ரூ. நான் தினமும் கழற்றுகிற சாமான்.

"பாய், நூறு வருசத்துக்கு முன்னாடி ஸ்டார் ஸ்க்ரூவா?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "மோட்டார்க்காரர்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? வாங்க, உள்ள வாங்க" என்று குடோனின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒன்று இருந்தது. மயிலும் இல்லை, கொடியும் இல்லை. ஒற்றை ஆள் கட்டில். வெறும் தேக்குச் சட்டம், பலகை, கடைந்த கால்கள் நான்கு. ஸ்க்ரூவே கிடையாது. மர ஆப்பு அடித்து இறுக்கியது. விரலால் தட்டிக்கொண்டே வந்தேன், எங்கேயும் பொக்கென்று சத்தம் வரவில்லை. கீழே பூச்சி அரித்த மரத்தூள் கொட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. பிறகு டேப் வைத்தேன். பலகை மட்டம் இருபத்தைந்து அங்குலம். என் மனைவி ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும்.

"பாய், இதுல யாரும் செத்துக்கித்துப் போகலயே?"

"அண்ணே, இவ்வளவு வயசான கட்டில்ல யாரும் சாகலைன்னா, அதுல யாரும் படுக்கலைன்னு அர்த்தம்." சிரித்துவிட்டு, பிறகு சீரியசாகச் சொன்னார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. கால மட்டும் வெட்டிறாதீங்க. வெட்டுனா அது வெறும் வெறகு."

நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். காலை வெட்டத்தான் வாங்கினேன்.

குட்டி யானை வண்டியில் ஏற்றி, இலுப்பூரில் ஒரு மரப் பட்டறையில் இறக்கினேன். ஆசாரி இளவட்டம். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எல்லாம் மெஷின் வேலை. காதில் எப்போதும் பாட்டு. அவனிடம் என் கணக்கைச் சொன்னேன். மெத்தை ஐந்து அங்குலத் தென்னை நார் மெத்தை. இலவம் பஞ்சு வேண்டாம், அது நாளுக்கு நாள் எவ்வளவு அமுங்கும் என்று யாருக்கும் தெரியாது. நார் மெத்தையின் ஓரத்தில் அவள் எடைக்கு இரண்டு அரிசி மூட்டையும் ஒரு செப்புக் கம்பி உருளையும் வைத்து முன்பே அளந்திருந்தேன். ஒரு அங்குலம் அமுங்கியது. ஆக, பலகை மட்டம் பதினாறு இருந்தால் அவள் உட்காரும்போது சரியாக இருபது.

"பதினாறு. எழுதிக்க" என்றேன். எழுதிக்கொண்டான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தருவதாகச் சொன்னான்.

வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரியில் பில் கட்டுகிற வரிசையில் நிற்கும்போது அவனிடமிருந்து போன். சுற்றி ஒரே சத்தம். ஏதோ "பதினாறு" என்றான், ஏதோ "கொஞ்சம்" என்றான். எனக்குப் பின்னால் நின்ற ஆள் தோளில் இடித்தான். "சரிப்பா, நீ பாத்துச் செய்யி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆம், நான்தான். அதே வார்த்தைதான். சொன்னது அப்போது என் காதிலேயே விழவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கட்டில் வந்தது. உள்ளறையில் நல்ல வெளிச்சமான பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆசாரியே கூட வந்து ஆப்படித்து மாட்டினான். பாலிஷ்கூடப் போட்டிருந்தான். மெத்தையைப் போடும் முன் டேப் வைத்தேன். பதினாலரை.

திரும்ப வைத்தேன். நான்கு மூலையிலும் வைத்தேன். பதினாலரை.

"டேய், பதினாறுல்ல சொன்னேன்?"

"ஆமாண்ணே. அதான் போன்ல கேட்டேனே. பதினாறு அந்தக் கட்டிலோட நீள அகலத்துக்குச் சேரலை. எங்கப்பா எழுதி வச்ச சாஸ்திரக் கணக்குல பாத்தேன். அந்த அளவுல படுத்தா நோய் விடாதுன்னு வருது. பதினாலர நல்ல அளவு. பாத்துச் செய்யின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

போனை நீட்டி ஒரு பழைய நோட்டுப் பக்கத்தின் போட்டோவைக் காட்டினான். எனக்கு எழுத்தே தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வருகிறாள். பதினாலரையோடு நாலு சேர்த்தால் பதினெட்டரை. ஒன்றரை அங்குலம் பள்ளம். புதுப் பந்து.

"நாங்க வேதக்காரங்கடா, சர்ச்சுக்குப் போறவங்க! எங்களுக்கு எதுக்குடா ஒங்கப்பன் கணக்கு?"

"கட்டிலுக்கு வேதம் தெரியுமாண்ணே? டீச்சர் எனக்கு ரெண்டாம்ப்புல பாடம் எடுத்தவங்க. அவங்க படுத்துட்டு எந்திரிக்காமப் போனா எனக்குல்ல பாவம்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தையில் கை இறங்கிவிட்டது. அவன் ஏமாற்றவில்லை, சோம்பலும் படவில்லை. அவனுக்கும் பயம், எனக்கும் பயம். அவன் பயத்துக்கு ஒரு எண், என் பயத்துக்கு ஒரு எண்.

இனி வெட்டியதை ஒட்ட முடியாது. ஒன்றரை அங்குலத் துண்டை ஒட்டினால் கால் ஆடும். செங்கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்தால், அவள் கையை ஊன்றி எழும்போது கட்டில் நகர்ந்து சரியும். இன்னொரு மெத்தை போடலாம் என்றால் மெத்தைமேல் மெத்தை எவ்வளவு அமுங்கும் என்று திரும்பவும் அரிசி மூட்டையோடு ஆரம்பிக்க வேண்டும். மணி பதினொன்றரை. அவள் தங்கை போன் செய்து, "மச்சான், டிஸ்சார்ஜ் பேப்பர் வந்துருச்சு" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாளு அங்கயே இருக்கச் சொல்லேன்" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க" என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆசாரி கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அண்ணே, பலகை மேல ஒரு பலகை போட்டா?"

"அதுவும் கட்டிலு ஒசரம்தானடா. ஒங்கப்பன் கணக்கு என்னாகும்?"

"ஒண்ணும் ஆவாதுண்ணே. ஆப்படிச்சு மாட்டுனதுதான் கட்டிலு. மேல சும்மா கெடக்குறது கட்டில்ல சேராது. அது மெத்த மாதிரி."

இப்படி ஒரு விதியை அவன் அந்த நிமிடத்தில்தான் உண்டாக்கினான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு பேரும் பைக்கில் இலுப்பூருக்குப் பறந்தோம். பதினெட்டு எம்.எம். பிளைவுட் இரண்டு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வரும். உள்ளே வைத்து, நகராதபடி நாலு பக்கமும் சட்டத்துக்குள் இறுக்கமாக அறுத்து இறக்கினான். ஆணி அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆணி அடித்தால் கட்டிலோடு சேர்ந்துவிடுமாம். குறைந்த இடத்துக்கு ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் மெத்தை. அரிசி மூட்டைகளைத் தூக்கி வைத்தோம், செப்புக் கம்பி உருளையையும் வைத்தோம். டேப் இருபது காட்டியது. மூட்டைகளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தோம். இருபது. மூன்றாவது தடவை வைக்கச் சொன்னபோது ஆசாரி, "அண்ணே, அரிசிக்கு இடுப்பு வலிக்கப் போவுது" என்றான்.

நாலேகாலுக்குக் கார் வந்தது. அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடப்பதற்கே பத்து நிமிடம் ஆனது. நடுவில் கிடந்த சோபாவை நானும் ஆசாரியும் அதற்கு முன்பே தெருவில் தூக்கிப் போட்டிருந்தோம். உள்ளறை வாசலில் கட்டிலைப் பார்த்து நின்றாள். முதுகைத் திருப்பி, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து, தொடை மெத்தையில் படுகிற வரைக்கும் வந்தாள். நான் தரையில் முட்டிபோட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அத அங்கிட்டு வைங்க. நான் என்ன துணியா?" என்றாள்.

"மெதுவா. மெதுவா உக்காரு."

உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. முழங்காலைவிட இடுப்பு ஒரு விரல் உயரத்தில் நின்றது. டேப் இருபதுக்கு அரைக்கோடு கீழே காட்டியது. எங்கேயாவது சத்தம் வருகிறதா என்று நான் மூச்சை அடக்கிக் கேட்டேன். கட்டிலிலும் இல்லை, அவளிடமும் இல்லை.

அவள் கை தானாக இறங்கி, பக்கத்துக் காலைத் தடவியது. கடைசல் வளைவில் விரல் போனது. ஒரு வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதுக்குக் கை எட்டவில்லை, கண்தான் போனது. அந்த வளைவு பாதியிலேயே வெட்டுப்பட்டுத் தரையில் நின்றது. இதைத்தான் நான் மூன்று நாளாக நினைக்காமல் தள்ளிவைத்திருந்தேன்.

"வெட்டிட்டீங்களா?"

"ஆமா."

"கீழ குமிழு இருந்திருக்குமே."

"இருந்துச்சு."

ஆசாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "நீ ரெண்டாம்ப்புல பென்சில் திம்பியே, அவன்தான?"

"ஆமா டீச்சர்."

"வெட்டுன துண்டெல்லாம் எங்க?"

"பட்டறையிலதான் டீச்சர் கெடக்கு."

"அடுப்புல போட்டுறாத. நாலையும் கொண்டாந்து குடு. மூணு மாசம் கழிச்சு நான் நல்லா நடந்தேன்னா, திரும்பவும் சேக்க முடியுமான்னு பாப்போம்."

"சேத்தா ஆடும் டீச்சர்."

"ஆடட்டும். அப்ப எனக்குத்தான் ஆடாதே."

மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். நான்கு துண்டும் ஜன்னல் கட்டையில் வரிசையாக நிற்கின்றன. தினமும் காலையில் அவள் அவற்றைத்தான் முதலில் பார்க்கிறாள். அதன் பிறகு வாக்கரைப் பிடித்து எழுகிறாள். அவள் எழுந்து நகர்ந்ததும் நான் மூட்டைகளைத் தூக்கி மெத்தையில் வைத்து டேப் பிடிக்கிறேன். அவள் திட்டுவாள். திட்டினால் திட்டட்டும்.

இது இரண்டாவது மாதம். இன்று காலையில் பத்தொன்பதே முக்கால் காட்டியது. அவளிடம் சொல்லவில்லை. ஜமுக்காளத்தை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் மூட்டைகளைத் தூக்கி வைத்து அளந்தேன்.